நடுத்தர விலைக் கிராபிக்ஸ் கார்டு: கல்லணைக் கணக்கா, கடைமடைக் கணக்கா?

மன்னார்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் இருக்கிறதாம். 2020-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்: இன்டெல் ஐ5-10400எஃப், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, பெயர் தெரியாத 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி), 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். தினமும் வேலரன்ட் ஆடுகிறார், சைபர்பங்க் மாதிரிப் பெரிய விளையாட்டுகள் ஆட ஆசை. கடையில் ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 29,500, ஆர்க் பி580-க்கு 26,000, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 36,500 சொன்னார்களாம். நண்பர் ஒருவர் தன் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டை 16,000-க்குத் தருகிறேன் என்கிறாராம். எதை வாங்கினால் கொடுத்த காசுக்குத் தகும் என்பது கேள்வி.

தம்பி, முதலில் ஒன்று. வேலரன்ட் மட்டும்தான் என்றால் இந்த நான்கில் எதையும் வாங்காதீர்கள். அந்த விளையாட்டு கிராபிக்ஸ் கார்டைவிட புராசஸரைத்தான் அதிகம் வேலை வாங்கும். உங்கள் 1650 கார்டே அதில் நொடிக்கு 75 பிரேமை, அதாவது 75 படத்தை, தாராளமாகத் தாண்டும், ஆனால் உங்கள் மானிட்டர் 75-க்கு மேல் காட்டாது. ஒரு 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டிப் பாருங்கள், அன்றைக்கே வித்தியாசம் தெரியும், பணத்திலும் பெரும்பகுதி மிச்சமாகும். கார்டு கேட்டுப் போனவரிடம் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவர் பிழைப்பு அது. பெரிய விளையாட்டுகளை நிஜமாகவே ஆடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

கார்டுகளை ஒப்பிடும் வீடியோக்களில் நீளமாக நிற்கும் பட்டை சராசரி பிரேம் எண்ணிக்கை. இது என்ன என்று நம் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். மேட்டூரில் ஜூன் 12 திறந்தாயிற்று, கல்லணையில் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று பேப்பரில் கன அடிக் கணக்கு வரும். கடைமடையில் நாற்றங்காலைத் தயார் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் என்ன? தன் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்பதுதான் அவர் பாடு. சராசரி பிரேம் என்பது கல்லணைக் கணக்கு. அதற்குக் கீழே ‘1 சதவீத லோ’ என்று குட்டையாக ஒரு பட்டை இருக்குமே, அது கடைமடைக் கணக்கு.

60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. ஒரு விநாடியில் 80 பிரேம் வந்தும் அதில் ஒன்று மட்டும் 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், காரை வளைவில் திருப்பும் நேரத்தில் திரை ஒரு குலுக்குக் குலுக்கும். சராசரியில் அது தெரியவே தெரியாது. மிகவும் தாமதமாக வந்த நூற்றில் ஒரு பங்கு பிரேம்களைத் தனியே பிரித்துச் சொல்வதுதான் அந்த லோ. சராசரி 95, லோ 40 என்கிற கார்டும், சராசரி 85, லோ 65 என்கிற கார்டும் எதிரில் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், ஆயிரம் இரண்டாயிரம் கூட ஆனாலும் சரி.

உங்கள் கடைமடை வறண்டு போக வாய்ப்புள்ள முதல் இடம் கார்டின் சொந்த நினைவகம், அதாவது விரேம். இதில் கொள்ளளவு ஒன்று, ஓட்டம் ஒன்று; கடைகளில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். குளம் எவ்வளவு பெரியது என்பது வேறு, மதகில் எவ்வளவு பாய்கிறது என்பது வேறு. ‘128 பிட் கார்டா? ஒதுக்குங்க சார்’ என்று ஒரு பேச்சு உண்டு. பிட் என்பது வாய்க்காலின் அகலம் மட்டும்தான். அதை ஓட்டத்தின் வேகத்தோடு பெருக்கினால்தான் பாய்ச்சல் தெரியும். 2020 டிசம்பரில் வந்த 3060 டிஐ 256 பிட், நொடிக்கு 448 ஜிபி பாயும். 2025 மே மாதம் வந்த 5060 அதில் பாதி அகலம்தான். ஆனால் அதில் உள்ள ஜிடிடிஆர்7 மெமரி இரு மடங்கு வேகம், ஆகவே அதற்கும் அதே 448. பி580 192 பிட்டில் 456. 9060 எக்ஸ்டி 128 பிட்டில் 320 சொச்சம்தான், இருந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் இந்த நான்கில் அதுதான் முன்னால் நிற்கிறது. சிப்புக்குள்ளேயே 32 எம்பி கேஷ் வைத்திருப்பதால் அடிக்கடி வேண்டியதை அங்கேயே எடுத்துக்கொள்கிறது. ஆக, பிட் எண்ணிக்கையை வைத்து யாராவது உங்களை மிரட்டினால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

கொள்ளளவு விஷயம் அப்படியல்ல. 8 ஜிபி நிரம்பும்வரை ஒரு குறையும் தெரியாது. நிரம்பிவிட்டால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் வைத்து, மதர்போர்டு ஸ்லாட் வழியாக இழுத்து இழுத்து எடுக்கும். இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு சிக்கல். 10400எஃப் புராசஸர் தருவது பிசிஐ-இ மூன்றாம் தலைமுறை ஸ்லாட். அதில் ஒரு தடத்துக்கு நொடிக்கு 1 ஜிபி அளவு போகும். 5060 கார்டில் 16 தடம் இல்லை, 8 தடம்தான். புதிய ஐந்தாம் தலைமுறை போர்டில் அந்த 8 தடமே ஏராளம், உங்கள் போர்டிலோ நொடிக்கு 8 ஜிபியோடு நின்றுவிடும். 448-இல் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று 8-க்குச் சுருங்கினால் என்ன ஆகும்? வெண்ணாற்றுத் தண்ணீரை வீட்டுக் குழாயில் விட்ட கதைதான். புத்தம் புதிய கம்ப்யூட்டரில் சோதித்த வீடியோவில் இந்தத் திக்கல் இவ்வளவு மோசமாகத் தெரியாது. உங்கள் வீட்டில் தெரியும்.

9060 எக்ஸ்டி 16 தடமும் கொண்டது. தவிர, 1080பியில் 16 ஜிபியை நிரப்புவதே கஷ்டம். 3060 டிஐ கார்டுக்கும் 16 தடம் உண்டு, ஆனால் குளம் 8 ஜிபிதான்.

இன்னொன்று, சில விளையாட்டுகள் விரேம் போதாவிட்டால் திக்காது. ஓசைப்படாமல் சுவர், துணி, முகம் இவற்றின் நுணுக்கத்தைக் குறைத்துவிடும். பட்டை உயரமாகவே நிற்கும், படம் மட்டும் களிமண் பொம்மை மாதிரி ஆகிவிடும். எந்த எண்ணிலும் இது வராது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

விரேம் விஷயத்தில் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2017-இல் ஜிடிஎக்ஸ் 1060 வாங்கப் போனேன். 6 ஜிபி ஒன்று, 3 ஜிபி ஒன்று. மெமரிதானே குறைவு, மிச்சப் பணத்தில் ஒரு நல்ல கீபோர்டு வாங்கலாம் என்று 3 ஜிபியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்புறம்தான் படித்தேன், உள்ளே கோர்களும் 1280-க்குப் பதில் 1152 மட்டுமே. ஒரே பெயர், வேறு சரக்கு. இரண்டு வருடம் கழித்துப் புது விளையாட்டுகளில் டெக்ஸ்சரை, அதாவது சுவர், துணி போன்றவற்றின் நுணுக்கத்தை, கீழ்க்கோடிக்கு இறக்கினால்தான் ஓடும் என்கிற நிலை. விற்கலாம் என்று கேட்டால் எல்லாரும் ‘ஆறா, மூணா?’ என்றுதான் முதலில் கேட்டார்கள். கீபோர்டு இன்னும் நன்றாக இருக்கிறது. 9060 எக்ஸ்டி கார்டிலும் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு உண்டு, 5060 டிஐ கார்டிலும் அப்படியே. பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆர்க் பி580 பற்றி. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு, 12 ஜிபியோடு வந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அந்த விலைக்கு அவ்வளவு விரேம் வேறு யாரும் தரவில்லை. ஆனால் இந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான இன்டெல் டிரைவர் புராசஸர் மேல் அதிகச் சுமை ஏற்றுகிறது. 2025 ஜனவரியில் விமர்சகர்கள் பழைய ஆறு கோர் புராசஸர்களில் மாட்டிச் சோதித்தபோது, புதிய புராசஸரில் என்விடியாவின் முந்தைய தலைமுறை ஆர்டிஎக்ஸ் 4060-ஐ முந்திய அதே கார்டு பல விளையாட்டுகளில் அதற்குப் பின்னால் போனது. உங்கள் 10400எஃப் அந்தப் பழைய வரிசையில் வருவது. தவிர, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் ரீசைசபிள் பார் என்ற அமைப்பை இயக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பி580 படுத்துவிடும். உங்கள் காலத்துப் போர்டுகளில் அதற்கு முதலில் பயாஸ் அப்டேட் போட வேண்டியிருக்கும். புதிய ரைசன் 7600 புராசஸர் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் பி580-ஐ நான் தயங்காமல் சொல்லியிருப்பேன். உங்களுக்கு வேண்டாம்.

இனி காசுக் கணக்கு. ஒரு பிரேமுக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது, நல்ல வழக்கம்தான். 5060 நூறு பிரேம் தருகிறது, 9060 எக்ஸ்டி 107 தருகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 29,500-ஐ நூறால் வகுத்தால் பிரேமுக்கு 295 ரூபாய். 36,500-ஐ 107-ஆல் வகுத்தால் 341. அப்படியானால் 5060 ஜெயித்துவிட்டதா? இந்தக் கணக்கு, வாங்கிய நாளோடு முடிந்துவிடுகிறது. அரிசியை மூட்டை விலை பார்த்து வாங்குகிறோம், ஆனால் எத்தனை நாள் வந்தது என்றும் வீட்டில் கணக்கு இருக்குமில்லையா?

நான் போடும் கணக்கு வருடத்துக்கு எவ்வளவு என்பது. என் ஊகத்தில் 8 ஜிபி கார்டை மூன்று வருடத்தில் மாற்ற மனசு வரும். அப்போது 12,000-க்குப் போகிறது என்று வையுங்கள். நிகரச் செலவு 17,500, வருடத்துக்கு 5,800 சொச்சம். 16 ஜிபி கார்டை ஐந்து வருடம் ஓட்டி 10,000-க்கு விற்றால் 26,500, வருடத்துக்கு 5,300. நண்பரின் 3060 டிஐ இரண்டு வருடம் ஓடி 8,000-க்குப் போனால் வருடத்துக்கு 4,000. விற்கும் விலைகள் என் அனுமானம்தான், உங்கள் மனசுக்குப் பட்ட எண்களைப் போட்டுப் பாருங்கள். வரிசை பெரும்பாலும் மாறாது.

அதனால் என் பதில் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம்: 5060-ஐ 8 ஜிபி என்று வேண்டாம் என்கிறேன், அதே 8 ஜிபி உள்ள 3060 டிஐ கார்டைச் சரி என்கிறேன். 8 ஜிபி குற்றமில்லை. 8 ஜிபிக்கு 29,500 கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 16,000-க்கு 4060 அளவு வேகம் கிடைத்தால் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி ஆடுவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஆனால் செகண்ட் ஹேண்ட் என்றால் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும், நண்பராக இருந்தாலும். 3060 டிஐ, எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை இரவு பகலாகக் கார்டை ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங்குக்குப் பேர்போன கார்டு. 2022 செப்டம்பரில் அந்த மைனிங் நின்றதும் ஏகப்பட்ட கார்டுகள் சந்தைக்கு வந்தன. இவர் கடையில் புதிதாக வாங்கினாரா, பில் இருக்கிறதா, அல்லது இவரும் யாரிடமோ வாங்கியதா? வீட்டுக்கே போய், கனமான ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். விசிறி கரகரக்கிறதா, வெப்பம் ஓரிடத்தில் நிலைக்கிறதா அல்லது ஏறிக்கொண்டே போகிறதா, திரையில் புள்ளிகள் தெறிக்கின்றனவா? வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடலோர வீட்டில் இருந்த கார்டு என்றால் திருகுகளையும் எச்டிஎம்ஐ துளையின் உலோகத்தையும் உற்றுப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் அங்கேதான் பச்சை பூக்கும்.

இதில் ஒரு வரம்பு உண்டு. பழையது மலிவு என்று இன்னும் பின்னால், ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி என்று போய்விடாதீர்கள். பலமான கார்டுகள்தான், ஆனால் ஒளி பாயும் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லை. அது இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும் பெரிய விளையாட்டுகள் 2024 கடைசியிலிருந்து வர ஆரம்பித்துவிட்டன.

எஸ்எம்பிஎஸ் கதைக்கு வருவோம், நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உங்கள் 1650 மொத்தமே 75 வாட் கார்டு. அதாவது அந்தப் பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து வருடமாக யாரும் பரீட்சையே வைக்கவில்லை. 5060-க்கு 145 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160, பி580-க்கு 190, 3060 டிஐக்கு 200. இது சீராக இழுக்கும் அளவு, கண நேரத்துக்கு இதைவிட நிறையத் தாவும். மோட்டார் போட்டால் விளக்கு மங்குகிற வீடு என்றால் நிலைமை இன்னும் மோசம். நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றுக்கு நாலாயிரம், ஐயாயிரம் ஒதுக்குங்கள். 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். கரண்ட் போன நொடியில், ஆட்டம் உச்சத்தில் இருந்தால், கீச்சென்று கத்திவிட்டு அதுவும் சேர்ந்து அணையும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பார்த்து, பின்பக்கமோ முன்பக்கமோ இருக்கும் யுபிஎஸ் மோடு சுவிட்சைப் போட்டு வையுங்கள்.

கரண்ட் பில் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் அப்பா கேட்பார். 200 வாட் கார்டுக்கும் 145 வாட் கார்டுக்கும் 55 வாட் வித்தியாசம். தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 10 யூனிட். பெரிய விஷயமில்லை. ஏசி ஓடும் கோடையில் உங்கள் வீட்டு யூனிட் 500-ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் மட்டும் கவனம், அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்களுக்கும் விலை கூடிவிடும்.

வெயிலும் கணக்கில் சேரும். விமர்சகர்கள் ஏசி அறையில், இருபது இருபத்திரண்டு டிகிரியில் சோதிக்கிறார்கள். கத்திரியில் நம் மாடி அறை 38-இல் நிற்கும். அந்தப் பதினாறு டிகிரி அப்படியே கார்டின் வெப்பத்தோடு சேரும், அங்கே 65 என்றால் இங்கே 81. அதனால் ஒரே சிப்பில் இரண்டு விசிறி மாடலும், குட்டியான ஒற்றை விசிறி மாடலும் இருந்தால், ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இரண்டு விசிறியை எடுங்கள். வண்ண விளக்கு, மூன்றாவது விசிறி, வேகம் சற்றுக் கூட்டிய ‘ஓசி எடிஷன்’ என்பதற்கெல்லாம் மூவாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள், இரண்டு மூன்று சதவீதம்கூட வித்தியாசம் இருக்காது. மென்பொருளில் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் வேகம் சொற்பமாகத்தான் குறையும், சூடு நன்றாகவே குறையும். சம்பா அறுவடை சமயத்தில் அறுப்பு மெஷின் கிளப்பும் தூசு வீட்டுக்குள் வரும். முடிந்ததும் கேபினெட்டைத் திறந்து ஊதிவிடுங்கள், விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு.

பிரேம் ஜெனரேஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடையில் 5060-ஐ விற்பது அதை வைத்துத்தான். 2025 ஜனவரியில் என்விடியா தலைவர், 5070 கார்டு முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090-இன் வேகம் தரும் என்று மேடையில் சொன்னார். நடுவில் செயற்கையாகப் பிரேம்களைச் செருகி எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். செருகிய பிரேம் பார்வைக்கு வழவழப்பு தரும், மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் உள்ள இடைவெளியைக் குறைக்காது, கொஞ்சம் கூட்டவே செய்யும். அடிப்படையில் 60 வந்தால்தான் அது அழகு. விரேமிலும் தனக்கென்று பங்கு கேட்கும், 8 ஜிபி கார்டில் அது வேறு தலைவலி. மானிட்டர் 75 ஹெர்ட்ஸாக இருக்கும்வரை உங்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் நிஜமான நன்மை. 9060 எக்ஸ்டி கார்டில் அதற்கு ஈடாக உள்ள ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 நெருங்கி வந்துவிட்டது, ஆனால் டிஎல்எஸ்எஸ் கிடைக்கும் விளையாட்டுகள்தான் அதிகம். இது 5060-இன் பக்கம் நிற்கும் நியாயமான வாதம். ஆனால் உங்கள் 3060 டிஐ கார்டுக்கும் அந்த அப்ஸ்கேலிங் உண்டு.

ஆக, நண்பரின் கார்டுக்குப் பில் இருந்து, அரை மணி நேரச் சோதனையும் தாண்டினால் அதை வாங்குங்கள். 16,000 கார்டுக்கு, ஐயாயிரம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, மிச்சம் 14,000-த்தில் ஒரு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். முப்பத்தைந்தாயிரத்துக்குள் மூன்றும் முடிந்துவிடும். வேலரன்டிலும் முன்னேற்றம் தெரியும். சோதனையில் சந்தேகம் வந்தால் நட்புக்காக வாங்காதீர்கள். ஆறேழாயிரம் சேரும்வரை பொறுத்து 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்குப் போங்கள், எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து. ஒரு சங்கடம், மெமரி சில்லுகளின் விலை 2025 கடைசியிலிருந்து ஏறுமுகம், 16 ஜிபி கார்டுகளில் அது முதலில் தெரியும். அதனால் பொறுப்பதற்கும் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்கே போய் வாங்குவதாக இருந்தால் போக்குவரத்துச் செலவு, ஒரு நாள் அலைச்சல் இரண்டையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ‘பில் இல்லாம ரெண்டாயிரம் கம்மி’ என்பார்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தவிர்க்கும் ஆசை வரும்தான். ஆனால் மூன்று வருட வாரண்டி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. கெட்டுப்போனால் கார்டை யார் அனுப்புவது, கூரியர் யார் செலவு என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் கேபினெட்டைத் திறந்து, கார்டு நிற்கும் இடத்தின் நீளத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது, எட்டு முனை கேபிள் ஒன்று தொங்குகிறதா என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.